ஹார்மோன் மாத்திரை தொடங்கப் போகிறீர்களா? மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை, படிப்படியாக

ரேடியேஷன் முடிந்த அடுத்த வாரம் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். "தினம் ஒரு மாத்திரை. அஞ்சு வருஷம். மூணு மாசம் கழிச்சு வாங்க." அவ்வளவுதான். கீமோவின்போது ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றார், ரத்த அழுத்தம் பார்த்தார், வாந்தி வருகிறதா என்று கேட்டார். இப்போதோ ஐந்து வருட சிகிச்சையை நடத்த வேண்டியவள் நான் ஒருத்திதான். கையில் ஒரு மாத்திரை அட்டை, அதற்குள் எறும்பு எழுத்தில் மடித்து வைத்த ஒரு தாள்.

அதன் பிறகு நான் பட்ட பாட்டில் பாதி, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதால் வந்தது. நீங்களாவது கேளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியவை. அந்தப் பேச்சுக்கு உங்களைத் தயார் செய்வது மட்டும்தான் என் வேலை.

1. பெயரில் ஏமாறாதீர்கள்

ஹார்மோன் சிகிச்சை என்றதும் ஹார்மோன் கொடுக்கிறார்கள் என்று நினைப்போம். நடப்பது நேர் எதிர். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உண்டு வளரும் புற்றுநோய்க்கு அந்தத் தீனியை நிறுத்துவதுதான் இந்தச் சிகிச்சை. ஹார்மோன் தடுப்பு சிகிச்சை என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு உடல் சூடு, வியர்வையைத் தணிக்கக் கொடுக்கும் ஹார்மோன் மாற்று சிகிச்சை முற்றிலும் வேறு. அதில் ஈஸ்ட்ரோஜனையே கொடுக்கிறார்கள். உங்கள் வரலாறு தெரியாத ஒரு மருத்துவரிடம் "நான் ஹார்மோன் சிகிச்சையில் இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் அவர் அதைத்தான் நினைப்பார். மருந்தின் பெயரையும் எதற்காக என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

2. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி நீங்களே படியுங்கள்

உங்களுக்கு இந்தச் சிகிச்சை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு தாள். பயாப்சி சதையில் சாயம் ஏற்றிச் செய்யும் ஐ.ஹெச்.சி. பரிசோதனை முடிவு. அதில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2.

இ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பி.ஆர். புரொஜெஸ்டிரோன் ஏற்பி. ஏற்பி என்றால் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம். புற்றுச் செல்லில் இந்த ஏற்பிகள் இருந்தால்தான் ஹார்மோன் சிகிச்சைக்கு வேலை. 100 செல்லில் ஒன்றில் ஏற்பி தெரிந்தாலே, அதாவது 1 சதவீதம் இருந்தாலே, இ.ஆர். பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஆனால் 1 முதல் 10 சதவீதம் வரை உள்ளதைக் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகப் பிரிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மருந்தால் எவ்வளவு பயன் என்பது அவ்வளவு உறுதியில்லை. ஆகவே 'பாசிட்டிவ்' என்ற சொல்லோடு நின்றுவிடாமல் சதவீதம் எத்தனை என்று பாருங்கள். சில இடங்களில் சதவீதத்துக்குப் பதிலாக 8-க்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

வேறெந்த ரிப்போர்ட்டிலும் பாசிட்டிவ் என்றால் வயிறு கலங்கும். இங்கே இ.ஆர். பாசிட்டிவ் என்றால் கையில் இன்னொரு ஆயுதம் கிடைத்திருக்கிறது என்று பொருள். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றும் பெரும்பாலும் இப்படித்தான்; அவர்களுக்கும் டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை கொடுப்பது வழக்கம்.

ஹெர்-2 வேறு கதை. புற்றுச் செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம் அது. அதற்குத் தனி மருந்துகள் உண்டு. இ.ஆர்., ஹெர்-2 இரண்டும் பாசிட்டிவ் என்றால் இரண்டு சிகிச்சையும் வரும்.

சேர்த்து வைக்க வேண்டிய தாள்கள்: பயாப்சி ரிப்போர்ட், ஐ.ஹெச்.சி. ரிப்போர்ட், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய திசு ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சுருக்கம், கீமோவும் ரேடியேஷனும் முடிந்த தேதிகள். இவற்றோடு மெழுகில் பதித்த சதைக் கட்டி ஒன்று பரிசோதனைக் கூடத்தில் இருக்கும், பிளாக் என்பார்கள். அதன் எண் ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கும், குறித்து வையுங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போனாலும், கீமோ தேவையா என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினாலும், அந்த பிளாக்கைத்தான் கேட்பார்கள். ஸ்கேன் படங்களை ஒரு பை நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். பிளாக்கைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

3. மாதவிலக்கு நின்றதா, நின்றதுபோல் இருக்கிறதா?

இந்தப் படியைத் தாண்டி ஓடாதீர்கள். நான் விழுந்த குழி இதுதான்.

எந்த மருந்து என்பது உங்கள் சினைப்பை இன்னும் வேலை செய்கிறதா என்பதைப் பொறுத்தது. மாதவிலக்கு நிற்கும் முன்பு ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதி சினைப்பையிலிருந்து வருகிறது. நின்ற பிறகு கொழுப்பு, தசை போன்ற இடங்களில் வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதி சிறிதளவு உண்டாக்கும். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்செமெஸ்டேன் மூன்றும் அந்த நொதியைத்தான் கட்டிப்போடுகின்றன. சினைப்பை விழித்திருக்கும் பெண்ணுக்கு இவற்றைத் தனியாகக் கொடுத்தால் பயனில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைகிறதே என்று மூளை சினைப்பையை இன்னும் முடுக்கிவிடும்.

எனக்கு அப்போது 43 வயது. கீமோவின் இரண்டாவது சுற்றோடு மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. "பீரியட்ஸ் நின்னுடுச்சா?" என்று கேட்டார்கள். "நின்னுடுச்சு" என்றேன். லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தார்கள். கேள்வியும் சரி, பதிலும் சரி. ஆனால் கீமோவால் நிற்பதும் வயதால் நிற்பதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியாது. ஐந்தாவது மாதம் ஒரு காலையில் உள்ளாடையில் ரத்தக் கறை. வயது போகிற காலத்தில் குழந்தை மாதிரி பயந்து அழுதேன், கருப்பைக்கும் பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டு. பரவவில்லை. சினைப்பை தூக்கம் கலைந்து எழுந்திருந்தது. ஐந்து மாதம் விழுங்கிய மாத்திரை ஏறக்குறைய வீண்.

ஆகவே 50 வயதுக்குக் கீழே இருந்து கீமோ எடுத்தவர்கள் இப்படிச் சொல்லுங்கள்: "கீமோவுக்கு முன்பு மாதாமாதம் வந்துகொண்டிருந்தது, கடைசியாக வந்தது இன்ன தேதி." அந்தத் தேதியை எழுதியே கொண்டுபோங்கள். சினைப்பை வேலை செய்கிறதா என்று பார்க்க எஃப்.எஸ்.ஹெச்., எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) என்ற ஹார்மோன்களின் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். ஒருமுறை பார்த்த எண்ணை வைத்து முடிவு கட்ட முடியாது, திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கும். லெட்ரோசோல் போன்ற மாத்திரை எடுக்கும்போது எஸ்ட்ரடையால் மிகமிகக் குறைவாக இருக்கும். சாதாரண முறையில் அந்த அளவைத் துல்லியமாக அளப்பது கடினம். அதனால் எந்த முறையில் செய்கிறார்கள் என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கருப்பையை எடுத்து சினைப்பையை விட்டுவைத்தவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. மாதவிலக்கு இல்லாததை வைத்து அவர்களுக்கு எதுவும் சொல்ல முடியாது.

4. உங்கள் சீட்டில் இருப்பது எது?

டாமாக்சிஃபென், 20 மி.கி., தினம் ஒன்று. மாதவிலக்கு நிற்காதவர், நின்றவர் இருவருக்கும் பொருந்தும். ஈஸ்ட்ரோஜனை இது குறைப்பதில்லை. ஏற்பியில் தான் போய் உட்கார்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் கொடுக்காது. விந்தை என்னவென்றால், எலும்பிலும் கருப்பையிலும் இதுவே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும். மாதவிலக்கு நின்றவர்களின் எலும்புக்கு அது நல்லது. கருப்பை உட்சுவருக்கு நல்லதல்ல.

லெட்ரோசோல் 2.5 மி.கி., அனாஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்செமெஸ்டேன் 25 மி.கி. இவை அரோமட்டேஸ் தடுப்பு மருந்துகள், மாதவிலக்கு நின்றவர்களுக்கு. எக்செமெஸ்டேனை மட்டும் சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சினைப்பையை உறங்கவைக்கும் ஊசி. கோசரெலின், லியூப்ரோலைடு போன்றவை. வயது குறைவாக இருந்து, நோய் திரும்பும் அபாயம் கூடுதலாக இருப்பவர்களுக்கு மேலே சொன்ன மாத்திரைகளில் ஒன்றோடு சேர்த்துக் கொடுப்பார்கள். எனக்கு இரண்டாவது மருத்துவர் தொடங்கியது இதைத்தான். கோசரெலின் என்பது திரவமே அல்ல, அரிசி மணி போன்ற ஒரு சிறு குச்சி. அடிவயிற்றுத் தோலுக்கு அடியில் சற்றுத் தடித்த ஊசியால் வைப்பார்கள். பயமாக இருந்தால் மரக்கச் செய்யும் களிம்பு போடச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள். ஊசிக்குப் பதிலாக அறுவை சிகிச்சையில் சினைப்பையையே எடுத்துவிடுவதும் உண்டு. அது திரும்பப் பெற முடியாத முடிவு, அவசரப்பட வேண்டாம்.

நோய் வேறு இடத்துக்குப் பரவியவர்களுக்கும், திரும்பும் அபாயம் அதிகமுள்ள சிலருக்கும், புற்றுச் செல் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்ளிப், ரிபோசிக்ளிப், அபிமாசிக்ளிப் என்ற மருந்துகளில் ஒன்றைச் சேர்ப்பார்கள்; இவற்றில் பால்போசிக்ளிப் பரவிய நோய்க்கு மட்டும். இவற்றுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும், ரிபோசிக்ளிப் என்றால் இ.சி.ஜி.யும். பரவிய நோய்க்கு ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஊசியும் உண்டு. ஒரே நாளில் இரு புட்டத்திலும் ஒவ்வொன்று.

5. முதல் மாத்திரைக்கு முன்னால்

அரோமட்டேஸ் தடுப்பு மருந்து என்றால் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும்; எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் அது. வலியில்லை, பத்துப் பதினைந்து நிமிட வேலை. அதில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்கும் கீழே போனாலோ எலும்பு தேய்ந்திருக்கிறது. தொடங்கும் முன் ஒன்று எடுத்து வைக்காவிட்டால் இரண்டு வருடம் கழித்து எடுப்பதை எதனோடு ஒப்பிடுவது? பின்னால் எடுக்கும்போது அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுங்கள்.

எலும்புக்காக ஆறு மாதத்துக்கொரு முறை சோலட்ரானிக் ஆசிட் ஏற்றச் சொல்லக்கூடும். அதற்கு முன் பல் மருத்துவரைப் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலிலேயே பிடுங்கி, ஆறிய பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த மருந்து எடுக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு.

டாமாக்சிஃபென் என்றால் ரத்தக் கட்டியைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்கோ பெற்றோர், உடன்பிறந்தோருக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தது உண்டா? உண்டென்றால் மருந்து எழுதும் முன்பே சொல்லுங்கள். ரத்தத்தை இளக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாது.

6. செலவுக் கணக்கு எங்கே தவறும்?

எல்லோரும் மாத்திரையின் விலையைப் பார்த்து நிம்மதியடைகிறோம். டாமாக்சிஃபெனும் அரோமட்டேஸ் மாத்திரைகளும் காப்புரிமை முடிந்தவை, பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. புற்றுநோய் மருந்துகளில் இவை மலிவு. பணம் போவது வேறு வழிகளில்.

எனக்குப் போடும் சினைப்பை ஊசி 28 நாளுக்கொரு முறை. மாதம் ஒன்று என்று வருடத்துக்கு 12 ஊசிக்குக் கணக்குப் போட்டேன். 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள், 13 வரும். அந்தப் பதின்மூன்றாவது ஊசிதான் என் பட்ஜெட்டையும் நாட்காட்டியையும் குழப்பியது. மாதாமாதம் ஒரே தேதி என்று வைத்துக்கொண்டால் ஊசி இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். தேதியை விட்டுவிட்டுக் கிழமையைப் பிடியுங்கள். நான்கு வாரத்துக்கொரு செவ்வாய் என்றால் தவறாது.

பிறகு டெக்ஸா, வருடாந்திர மேமோகிராம், கொலஸ்டிரால், கல்லீரல் பரிசோதனைகள், போக்குவரத்து, விடுப்பு. காப்பீடு வைத்திருந்தால் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: "மருத்துவமனையில் சேராமல் வீட்டில் எடுக்கும் புற்றுநோய் மாத்திரைக்கும், வெளிநோயாளியாகப் போடும் ஊசிக்கும் பணம் தருவீர்களா?" இரண்டுக்கும் தனித்தனி விதி இருக்கலாம். சீட்டு, ரசீது, ஐ.ஹெச்.சி. ரிப்போர்ட் மூன்றையும் ஒன்றாகப் பின் செய்து வைப்பது நல்லது. பால்போசிக்ளிப் வகை மருந்துகளில் சில விலை மிகுந்தவை. தயாரிப்பாளரின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

7. எப்போது தொடங்குவது, எப்படி விழுங்குவது

கீமோ இருந்தால் அது முடிந்த பிறகு. ரேடியேஷனோடு சேர்த்தா, அது முடிந்த பிறகா என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் வழக்கம் மாறும். கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

காலையோ இரவோ, ஒரே நேரம். உடல் சூட்டால் தூக்கம் கெட்டால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஒருநாள் மறந்து அன்றே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடக் கூடாது. அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. அறுவை சிகிச்சைக்குப் பின் தடுப்புக்காக எடுப்பவர்களுக்கு, மாத்திரை 'வேலை செய்கிறதா' என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. பக்க விளைவே வரவில்லை, அதனால் மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்து நிறுத்திய ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அப்படி ஒரு கணக்கே இல்லை.

8. பொறுக்கலாம், பொறுக்கக் கூடாது

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை: ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. டாமாக்சிஃபென் எடுப்பவருக்கு இது ரத்தக் கட்டியாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாதபோது வருடாவருடம் கருப்பை ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. டாமாக்சிஃபென் கருப்பை உட்சுவரைத் தடிப்பாகக் காட்டும், அதைப் பார்த்து வீண் பயம், வீண் பயாப்சி. பார்வை மங்கினால் கண் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

சமாளிக்க வேண்டியவை நிறைய. லெட்ரோசோலில் என்னை வாட்டியது மூட்டு. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. பேஸ்ட் மூடியைத் திருக முடியாமல் பல்லால் கடித்துத் திறந்திருக்கிறேன். அரை மணி நேரம் நடமாடினால் தளரும். வலிக்கிறதே என்று அசையாமல் இருந்தால் கூடும். விறுவிறு நடையும், எடை தூக்கும் பயிற்சியும் உண்மையிலேயே குறைத்தன. அப்படியும் தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்: சில வாரம் நிறுத்திப் பார்ப்பார், மூன்றில் இன்னொன்றுக்கு மாற்றுவார். ஒன்றில் தவித்தவர்கள் இன்னொன்றில் நன்றாக இருப்பது உண்டு. என்னை எக்செமெஸ்டேனுக்கு மாற்றிய பிறகு பேஸ்ட் மூடி கைக்கே திறக்கிறது.

உடல் சூட்டுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன, கேட்டால் தருவார்கள். பிறப்புறுப்பு வறட்சியை யாரும் கேட்கமாட்டார்கள், நாமும் சொல்லமாட்டோம்; கடைசியில் மாத்திரையையே நிறுத்துவோம். வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்பும் வழுவழுப்பு ஜெல்லும் முதல் படி. ஈஸ்ட்ரோஜன் களிம்பை மட்டும் புற்றுநோய் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

9. பக்கத்து மருந்துகள்

டாமாக்சிஃபெனைக் கல்லீரல் மாற்றிக் கொடுத்தால்தான் அது முழு வீரியம் பெறும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் பராக்ஸிட்டின், ஃப்ளூவாக்ஸிட்டின், புகைப்பதை நிறுத்தவும் தரும் புப்ரோபியான் ஆகியவை அந்த வேலையைத் தடுக்கும். வெனலாஃபாக்ஸின் அவ்வளவாகத் தடுப்பதில்லை, அதற்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்த வேண்டாம். 'இயற்கையானது' என்று விற்கும் சோயா மாத்திரை, மூலிகைக் கேப்சூல் எல்லாவற்றின் டப்பாவையும் படம் எடுத்துக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த அறுவை சிகிச்சைக்கும் முன் டாமாக்சிஃபென் எடுப்பதைச் சொல்லுங்கள். ரத்தக் கட்டி அபாயத்துக்காகச் சிறிது காலம் நிறுத்தச் சொல்லலாம்.

10. குழந்தை வேண்டுமென்றால்

மாதவிலக்கு வரவில்லை, அதனால் கரு தங்காது என்று நம்பாதீர்கள். இந்த மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்யும். ஆணுறை, காப்பர்-டி போல ஹார்மோன் இல்லாத தடுப்பு வேண்டும்; கருத்தடை மாத்திரை கூடாது.

குழந்தை வேண்டும் என்பவர்கள் முதல் நாளே, முடிந்தால் கீமோவுக்கும் முன்பே, சொல்லிவிடுங்கள். 2023-இல் வெளியான பாசிட்டிவ் என்ற ஆய்வில், 18 முதல் 30 மாதம் மருந்து எடுத்த பிறகு அதிகபட்சம் இரண்டு வருடம் நிறுத்திக் குழந்தை பெற முயன்ற பெண்களுக்கு, அந்தக் குறுகிய கால அளவில், நோய் திரும்புவது கூடவில்லை. நீண்ட காலத்தை இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தியதும் உடனே கருத்தரிக்க முயலக் கூடாது, மருந்து உடலைவிட்டு வெளியேற இடைவெளி வேண்டும். எத்தனை மாதம் என்று உங்கள் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

11. ஐந்து வருடம் முடியும்போது

ஐந்து என்பது எல்லோருக்கும் கடைசிக் கோடு அல்ல. இந்த வகைப் புற்று பத்து, பதினைந்து வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. அதனால் நிணநீர்க் கட்டிகளில் பரவியிருந்தவர்கள், கட்டி பெரிதாக இருந்தவர்கள் ஆகியோருக்கு ஏழு அல்லது பத்து வருடம் வரை நீட்டிப்பார்கள். அபாயம் குறைவாக இருப்பவர்களுக்கு ஐந்தே போதும் என்பார்கள். டாமாக்சிஃபென் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மாதவிலக்கு உண்மையாகவே நின்றுவிட்டால் இடையில் மாத்திரையை மாற்றுவதும் உண்டு; அப்போது மூன்றாம் படியை மறுபடி படியுங்கள்.

அந்தக் கடைசிச் சந்திப்புக்குப் போகும்போது முதல் திசு ரிப்போர்ட்டும், முதல் டெக்ஸாவும் கடைசி டெக்ஸாவும் கையில் இருக்கட்டும். "நீட்டித்தால் எனக்கு எவ்வளவு லாபம், என் எலும்புக்கு எவ்வளவு நஷ்டம்?" என்று எண்ணிக்கையில் கேளுங்கள். எனக்கு அந்தச் சந்திப்புக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, அதாவது பதினைந்து ஊசி. ரிப்போர்ட்டுகளை ஒரு நீல ஃபைலில் போட்டு, மேலே பிளாக் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.